ரசப்பொடிக்கு ஒரு வி.பி.என்.

கீழக்கரும்பூர் சமையல் கோஷ்டியின் ரசத்தைக் குடித்தவர்கள் கல்யாணத்தையே மறந்துவிடுவார்கள். மாப்பிள்ளை பெயர் ஞாபகம் இருக்காது, ரசம் ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட ரசம். அதை வைத்த ஐந்து பேரைப் பற்றி மட்டும் ஊரில் யாரும் அவ்வளவு உயர்வாகப் பேசுவதில்லை. கை அப்படி, தலை இப்படி. என்ன செய்வது?

கோஷ்டிக்குத் தலைவர் மாசானமுத்து. மற்ற நால்வர் இசக்கியப்பன், பட்டமுத்து, ஐகோர்ட்துரை, சுடலைமணி. ரசத்தின் உயிர் அதன் பொடியில் இருந்தது. முன்பு கோஷ்டியை நடத்திய மாஸ்டர் கண்ணை மூடுவதற்கு முன் ஐவரையும் தனித்தனியாக அழைத்து, பொடியின் பக்குவத்தை ஆளுக்கு ஒரு பங்காகக் காதில் சொல்லியிருந்தார். ஒருவர் பங்கு மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பது கட்டளை. அதனால் பொடி இடிக்கும் நாளில் ஒருவர் பின் ஒருவராக அடுப்படிக்குள் போய்த் தன் பங்கைப் போட்டுவிட்டு வருவார்கள். உள்ளே ஒருவர் இருக்கும்போது மற்ற நால்வரும் வெளியே சுவரைப் பார்த்து நிற்பார்கள். ஒரு தடவை ஐந்து பேருமே சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்கள். உள்ளே யாரும் இல்லை என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

இந்தப் பொடிக்குத்தான் சோதனை வந்தது. மாசானமுத்துவின் ஒரே மகள் செல்வக்கனி ஜெர்மனியில் புருஷனோடு இருந்தாள். நாலாவது மாசம். மசக்கை அவளைப் படுத்தி எடுத்தது.

"யப்பா, தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்திருது," என்றாள் போனில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "உங்க ரசத்த நெனச்சா மட்டும்தான் நாக்குல எச்சி ஊறுது. அந்தப் பொடி எப்படின்னு சொல்லுங்கப்பா, நானே இடிச்சுக்கிடுதேன்."

மாசானமுத்து தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பேருக்கு ரசம் ஊற்றிய கைக்கு, பெற்ற மகளுக்கு ஒரு கரண்டி ஊற்ற வழியில்லை. அவள் குடிக்கிற வரைக்கும் தானும் ரசம் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

பொடியையே பார்சலில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் 'சொல்ல முடியாது' என்று எழுதி ஐவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பார்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது.

போனில் சொல்லவும் வழியில்லை. கோஷ்டியின் அடுப்படிக்கு எதிர்வரிசையில் ஆவுடையப்பன் என்று ஒருவர் வேறொரு சமையல் கோஷ்டி நடத்தினார். பத்து வருஷமாக இந்தப் பொடியின் பக்குவத்துக்கு அலைந்துகொண்டிருந்த மனிதர். கீழக்கரும்பூரில் டவர் எடுக்காது. ஊருக்கே இன்டர்நெட் வயர் இழுத்துக் கொடுத்திருப்பது ஆவுடையப்பனின் மகன். வெளிநாட்டுப் பேச்சோ எழுத்தோ எல்லாம் அந்த வயர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

மருமகன் ஜெயபால்தான் வழி சொன்னார். "மாமா, வி.பி.என்.னு ஒண்ணு இருக்கு. நீங்க அனுப்புறத உறைக்குள்ள போட்டு ஒட்டி அனுப்புற மாதிரி. வயர்க்காரன் உறையத்தான் பாப்பான், உள்ள இருக்கறது அவனுக்குத் தெரியாது. நெறைய கம்பெனி இருக்கு. மூணு நாலை ஒப்பிட்டுப் பாத்து நல்லதா ஒண்ண எடுங்க."

எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, மாசானமுத்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். நாம் சொன்னதைப் பதிவு செய்து வைக்கக்கூடாது. நாம் இருக்கும் இடத்தை மறைக்க வேண்டும். வேகம் வேண்டும். எத்தனை நாட்டில் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நடுவில் தொடர்பு அறுந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிட வேண்டும்.

ஐகோர்ட்துரை பத்தாவது வரை இங்கிலீஷ் படித்தவர். அவர் தேடியதில் கவசம், ஒளிவிடம், முக்காடு என்று மூன்று கம்பெனிகள் கிடைத்தன. மூன்றும் ஏழு நாள் இலவசமாக உபயோகிக்கத் தருவதாகச் சொன்னன. பட்டமுத்து அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கட்டம் போட்டார்.

முதலில் பதிவு. மூன்று கம்பெனியின் உதவிப் பெட்டியிலும் ஐகோர்ட்துரை ஒரே கேள்வியைக் கேட்டார்: நாங்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்வீர்களா? ஒருக்காலும் இல்லை என்று மூவரும் பதில் போட்டார்கள்.

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார் பட்டமுத்து. "சோதிச்சுல்லா பாக்கணும்."

ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடியும் மூன்று பேரையும் கேட்டார்கள்: ஒரு மணி நேரத்துக்கு முன் நாங்கள் என்ன கேட்டோம்?

'எழுதி வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டீர்கள் ஐயா,' என்று கவசத்திலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது.

"பாத்தியளா! எழுதி வச்சிருக்கான்!" என்று ஐவரும் ஒன்றாகக் குதித்தார்கள். ஒளிவிடமும் அதே மாதிரி மாட்டிக்கொண்டது. முக்காடு மட்டும் 'வணக்கம், உங்கள் பெயர் என்ன, என்ன உதவி வேண்டும்' என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இவன்தான் யோக்கியன்," என்றார் மாசானமுத்து.

அதோடு முக்காட்டை எடுத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை ஒப்பிடச் சொல்லியிருக்கிறார். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு எதோடு ஒப்பிடுவது? அதனால் தோற்றுப்போன இரண்டையும் ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது இடத்தை மறைப்பது. மறுநாள் காலை பத்து மணிக்கு மாசானமுத்து தன் போனில் முக்காட்டை ஓடவிட்டார். ஐகோர்ட்துரை எட்டிப் பார்த்து, முகம் மாறி, மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க நார்வேல இருக்கிய."

"எங்க?"

"நார்வே. ஜெர்மனிக்கும் அங்கிட்டு. பனி பெய்யுற ஊரு."

மாசானமுத்து தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதே வேட்டி, அதே ஸ்டூல்.

"நீங்க இங்கதான இருக்கிய?" என்றார் சுடலைமணி சந்தேகமாக.

"நீ சொல்லுத. போன் அப்படிச் சொல்லலியே. உலகத்தப் பத்தி உனக்குத் தெரியுமா, போனுக்குத் தெரியுமா?"

இசக்கியப்பன் ஓடிப்போய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து தலைவருக்குப் போர்த்தினார். சித்திரை மாத வெயிலில், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில், மாசானமுத்து கம்பளிக்குள் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நார்வே தான் நினைத்த அளவுக்குக் குளிரவில்லை என்று சொன்னார்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். "ஏ பேச்சி, நான் நார்வேல இருக்கேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வர முடியாது."

அவர் மனைவி பேச்சியம்மாள் முப்பது வருஷமாக இவரோடு குடும்பம் நடத்துகிறவள். "சரி, வரும்போது ஒரு தேங்காய் வாங்கிட்டு வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கல்யாணச் சாப்பாடு பேச ஒருவர் வந்தார். வாசலில் நின்று, "மாஸ்டர் இருக்காரா?" என்றார்.

"வெளிநாடு போயிருக்காவ," என்றார் பட்டமுத்து. "சாயங்காலம் வந்திருவாவ."

வந்தவர் பட்டமுத்துவுக்குப் பின்னால் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த மாசானமுத்துவைப் பார்த்தார். மாசானமுத்து ஆமாம் என்று தலையாட்டினார். வந்தவர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு நேராக எதிர்வரிசைக்குப் போனார்.

மூன்று மணிக்குப் போனில் சார்ஜ் தீர்ந்தது. மாசானமுத்து பத்திரமாகக் கீழக்கரும்பூர் திரும்பிவிட்டதாக எல்லோரும் முடிவு செய்து அவரிடம் பிரயாணம் எப்படி என்று விசாரித்தார்கள். முக்காட்டுக்கு இன்னொரு டிக் விழுந்தது.

ஆனால் வேகச் சோதனையில் எல்லாம் தலைகீழானது. அடுப்படியிலிருந்து முன்னால் இருக்கும் சரக்கு அறைக்கு இருபது அடி தூரம். மூன்று கம்பெனி வழியாகவும் 'உலை வச்சாச்சா' என்று ஒரு செய்தியை அனுப்பி, எது முதலில் சேர்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. சரக்கு அறையில் போனோடு இசக்கியப்பன். செய்தி கிளம்பப் போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்ல சுடலைமணி.

சுடலைமணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டே செருப்பைத் தேடுகிறவர். எந்த விஷயமானாலும் அவர் தலையில் இருபது அடி வரைதான் தாங்கும், அதுவும் ஒரே விஷயமாக இருந்தால். அவருக்கென்று நிலைத்து நின்றது பொடியில் அவருடைய பங்கு ஒன்றுதான்.

அவர் ஓடிப்போய், "உலை வச்சாச்சான்னு கேட்டு அனுப்பப் போறாவ," என்றார்.

"வச்சாச்சு," என்றார் இசக்கியப்பன். அதற்குப் பிறகுதான் போன் மணி அடித்தது. மூன்று கம்பெனிக்கும் மூன்று தடவை செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சுடலைமணியே முந்தினார்.

பட்டமுத்து கரிக்கட்டையோடு சுவரின் முன் நின்று வெகுநேரம் யோசித்தார். பிறகு நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'சுடலைமணி' என்று எழுதினார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"பதிவு பண்ணி வைப்பானா?" என்று கேட்டார் ஐகோர்ட்துரை.

மாசானமுத்து திரும்பினார். "சுடலை, ஒரு மணி நேரத்துக்கு முந்தி உன்கிட்ட என்ன சொன்னோம்?"

"யாரு?" என்றார் சுடலைமணி.

டிக்.

எத்தனை நாடு என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. கவசம் தொண்ணூற்று நாலு நாட்டில் இருப்பதாகப் பெருமையடித்திருந்தது. "தொண்ணூத்தி நாலு நாட்டுக்காரன் கையில போயிட்டு வந்தா அதுக்குப் பேரு ரகசியமா?" என்று பட்டமுத்து ஒரே போடாகப் போட்டார். குறைந்த நாடுதான் பத்திரம் என்று தீர்மானமானது. சுடலைமணி தென்காசியைத் தாண்டியதில்லை.

கடைசியாக, தொடர்பு அறுந்தால் நிற்கிறதா என்று பார்த்தார்கள். சுடலைமணியிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பி, பாதி வழியில் பட்டமுத்து குறுக்கே கையை நீட்டினார். சுடலைமணி நின்றார். நின்றவர் நின்றதுதான்.

"என்ன கொண்டு போற?"

"எதுக்கு நிக்கேன்?" என்றார் சுடலைமணி.

இவ்வளவு சுத்தமாக எந்தக் கம்பெனியும் நிற்காது. மாசானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் அங்கே தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கிறாள், இத்தனை நாளும் வி.பி.என். நம்மோடுதான் தேங்காய் துருவிக்கொண்டிருந்திருக்கிறது! சுடலைமணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து அனுப்பினார்கள். சரக்கு அறையில் போன் செல்வக்கனியோடு பேசத் தயாராக இருந்தது. அடுப்படி மூலையில் சுடலைமணி நின்றார். ஒருவர் பின் ஒருவராக நால்வரும் போய் அவர் காதில் தன் பங்கைச் சொன்னார்கள். மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். நாலாவது பங்கு காதுக்குள் நுழைந்தபோது சுடலைமணி லேசாகத் தள்ளாடினார். உள்ளே எதுவோ நகர்ந்து இடம் கொடுத்த மாதிரி இருந்தது என்றார்.

"அவன் போன்ல சொன்னாலும் அந்த வயர் வழியாத்தான போகும்?" என்று இசக்கியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அவன்தான் வி.பி.என். ஆச்சே, பொறவு என்ன?" என்றார் மாசானமுத்து. சந்தேகம் தீர்ந்தது.

சுடலைமணி இருபது அடி நடந்து போனை எடுத்தார்.

"சொல்லுங்க சித்தப்பா," என்றாள் செல்வக்கனி. நோட்டும் பேனாவுமாக இருந்தாள்.

"என்னத்தம்மா சொல்லணும்?"

"பொடி சித்தப்பா. ரசப்பொடி."

சுடலைமணி யோசித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஒண்ணுமே இல்லியே தாயி."

"அவங்க பங்கு போகட்டும். உங்க பங்கயாவது சொல்லுங்க."

அவர் நெற்றியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பெருங்காயம்னு ஒரு வார்த்த வருது," என்றார் சுடலைமணி கடைசியில். "அத என்ன பண்ணணும்னு காங்கல. காலையில இருந்துச்சு."

மாசானமுத்து போனை வாங்கிக்கொண்டார். அவர் குரலில் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா கனி, எவ்வளவு பத்திரம்! கொண்டு போனவனுக்கே தெரியல!"

"எனக்கும் தெரியலியேப்பா," என்றாள் மகள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை அவரைக் குத்தியது. பிள்ளைத்தாய்ச்சி இன்னும் பட்டினிதான். நால்வரும் சொன்னது கிளம்பிவிட்டது, ஆனால் அவளிடம் சேரவில்லை. அப்படியானால் அது எங்கே?

"வழியில எங்கயாவது விழுந்திருக்கும்," என்றார் பட்டமுத்து.

யார் கையிலாவது சிக்கியிருந்தால்? உடனே தெருவில் இறங்கி, அவரவர் தன் தன் பங்கை மட்டும் வீடு வீடாக விசாரிப்பது என்று ஏற்பாடாயிற்று. மற்றவன் பங்கைக் கேட்கக்கூடாது அல்லவா? கட்டளை கட்டளைதான்.

முதல் வீடே ஆவுடையப்பன் வீடு. மாசானமுத்து வாசலில் நின்று நேராகக் கேட்டார்: "அண்ணாச்சி, மிளகு ரெண்டு பங்கு, சீரகம் ஒரு பங்கு, சீரகத்த வறுக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாவளா?"

ஆவுடையப்பன் சாய்வு நாற்காலியிலிருந்து மெதுவாக நிமிர்ந்தார். "இல்லியே. இன்னொருக்கா சொல்லுங்க, கேள்விப்பட்டிருக்கேனான்னு யோசிச்சுப் பாக்கேன்."

மாசானமுத்து நிதானமாக இன்னொரு தடவை சொன்னார். ஆவுடையப்பன் யோசிப்பதற்கு வசதியாக ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டார். இல்லை, கேள்விப்பட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார். மாசானமுத்து நிம்மதியாகப் படி இறங்க, துவரம்பருப்போடு இசக்கியப்பன் ஏறினார். அவருக்குப் பின்னால் மல்லியோடு ஐகோர்ட்துரை. மிளகாயும் கறிவேப்பிலையும் எத்தனை நாள் நிழலில் காய வேண்டும் என்று பட்டமுத்து ஒரு தடவைக்கு மூன்று தடவை விசாரித்தார்.

கடைசியாகச் சுடலைமணி வந்தார். மற்றவர்கள் போல அவருக்குக் கேட்க எதுவும் இல்லை. "அண்ணாச்சி, என் தலைக்குள்ள பெருங்காயம் ஒண்ணு கெடந்துச்சு," என்றார் பரிதாபமாக. "இங்க எங்கயும் விழுந்திச்சா?"

"எந்த மாதிரிப் பெருங்காயம்?" என்றார் ஆவுடையப்பன் அன்பாக. "பொரிச்சதா, பச்சையா?"

'பொரிச்சது' என்று கேட்டதும் சுடலைமணியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "கட்டிப் பெருங்காயம், நல்லெண்ணெயில பொரிச்சு, ஆறுன பொறவு உப்புக்கல்லோட சேத்து இடிக்கது!" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"இல்லியே, அப்படி எதுவும் இங்க விழலியே."

சுடலைமணி தெருவைக் கடந்து திரும்பி வந்தார். நல்ல அகலமான தெரு. இருபது அடிக்கு மேல் இருக்கும்.

அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் பொடி இடித்து ரசம் வைத்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதுதான் அதுவா? அவருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ருசியை நாக்கில் வைத்து வளர்ந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைத்தான் கேட்க வேண்டும். மகனிடம் நம்பரை வாங்கி, பக்குவம் முழுவதையும் ஒன்றுவிடாமல் எழுதி செல்வக்கனிக்கு அனுப்பினார். 'இப்படி வச்சா உங்கப்பா ரசம் மாதிரியே வருதான்னு ஒரு வார்த்த சொல்லும்மா.' பெயர் போட மட்டும் தைரியம் வரவில்லை.

மறுநாள் செல்வக்கனி கூப்பிட்டாள். "யப்பா! மூணு டம்ளர் குடிச்சேன். அப்படியே வயித்துல நிக்குது. சோறும் சாப்பிட்டேன்." குரல் கணீரென்று இருந்தது. பக்குவத்தை அனுப்பியது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ தெரியாத நம்பர் என்றாள்.

மாசானமுத்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு ஒரு பெரிய கிண்ணம் நிறைய ரசம் குடித்தார். அதற்குப் பிறகுதான் விவாதம் ஆரம்பமானது.

"நாம சுடலைகிட்ட சொன்னோம்," என்றார் ஐகோர்ட்துரை, விரல் விட்டு. "சுடலை மறந்துட்டான். ஊருல ஒருத்தர்கிட்டயும் இல்ல, நாமளே விசாரிச்சாச்சு. ஆனா ஜெர்மனிக்குப் போய்ச் சேந்திருச்சு. அதுவும் தெரியாத நம்பர்லேருந்து."

"எந்த வழியாப் போச்சுன்னே தடயம் இல்ல," என்றார் பட்டமுத்து.

"இதுதாம்வே வி.பி.என்.!" என்று மாசானமுத்து தொடையைத் தட்டினார். சுடலைமணிக்கு மாலை வாங்கிப் போட்டார்கள். எதற்கு என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவர்கள் இன்னும் மெச்சினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. பொடி இடிக்க வேண்டும். நால்வரும் தங்கள் பங்கைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஐந்தாவதாக உள்ளே போன சுடலைமணி போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, பெருங்காயத்த என்ன பண்ணணும்னு காங்கல."

அது செல்வக்கனியிடம் இருக்கிறது. மாசானமுத்து போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவள், "அதுக்கென்னப்பா, இப்பவே சொல்லுதேன், பெருங்காயத்த வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"வாய மூடு கனி!" என்று அலறினார் மாசானமுத்து. "அந்த வயர்ல சொல்லாத! நீ அங்க மனசுக்குள்ள நெனச்சுக்க, போதும். எங்ககிட்ட வி.பி.என். இருக்கு."

ஜெர்மனி மேற்கே இருக்கிறது என்று ஐகோர்ட்துரை சொன்னார். மேற்கே பார்த்த வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுடலைமணியை உட்கார வைத்தார்கள். அவர் தெருவைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நால்வரும் சுற்றி நின்று முகத்தையே கவனித்தார்கள்.

"எவ்வளவு வந்திருக்கும்?" என்றார் இசக்கியப்பன் மெல்லிய குரலில்.

"கால்வாசி. தொடாத, அறுந்திரும்," என்றார் பட்டமுத்து.

முக்கால் மணி நேரம் போனது. எதிர்வரிசையில், ஆவுடையப்பனின் அடுப்படியில், யாரோ நல்லெண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்கள். மேற்கிலிருந்து காற்று வீசியது. சுடலைமணியின் மூக்கு துடித்தது. கண் மெல்ல விரிந்தது.

"அண்ணாச்சி," என்றார், "பெருங்காயம் வருது. நல்லெண்ணெயில பொரிஞ்சு வருது."

மாசானமுத்து இரண்டு கையையும் எடுத்து மேற்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏ, யாரும் மூச்சு விடாதீய," என்றார். "ஜெர்மனிலேருந்து சூடாவே வருது."